ஒற்றைச் சாட்சி: பாட்ரிசியா வால்டின் நீதிப்பணி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் பணிவாழ்வைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நம்மூர் நீதிபதி ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் ஆபத்து. இந்த அரங்கில் பாதிப் பேர் அவர் முன்னால் வாதாடியிருப்பீர்கள். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். ஆகவே தூர தேசத்து நீதிபதி ஒருவரைத் தேடிப் பிடித்தேன். பெயர் பாட்ரிசியா வால்ட். வாஷிங்டனில் இருபது ஆண்டுகள் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்துவிட்டு 1999இல், 71 வயதில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு ஹேக் நகருக்குப் போய், யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த சர்வதேச நீதிமன்றத்தில் அமர்ந்தார். 2019 ஜனவரியில், 90 வயதில் காலமானார்.

அமெரிக்க ஏற்பாட்டை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கூட்டாட்சிச் சட்டப்படியான வழக்கு முதலில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். சாட்சி, குறுக்கு விசாரணை, ஜூரி எல்லாம் அங்கேதான். அடுத்தது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம். இன்று அப்படிப் பதின்மூன்று இருக்கின்றன. அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம். ஆனால் உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு நூறு வழக்குகளைக்கூட எடுப்பதில்லை என்பதால், பெரும்பாலான வழக்குகளுக்கு நடுவிலிருக்கும் அந்த நீதிமன்றமே கடைசிப் படி. அங்கே மூன்று பேர் சேர்ந்து அமர்வார்கள். நியமனம் ஆயுளுக்கு. நம் உயர் நீதிமன்ற நீதிபதிகளைப் போல 62 வயதில் எழுந்து போக வேண்டியதில்லை.

வால்ட் அமர்ந்தது வாஷிங்டன் தலைநகரச் சுற்றில். நிலப்பரப்பில் மிகச் சிறியது, கனத்தில் மிகப் பெரியது. மத்திய அரசின் துறைகளும் ஆணையங்களும் போடும் விதிகளை எதிர்த்துவரும் வழக்குகள் அங்கே குவியும். காற்று மாசு, மின்சாரம், தொலைத்தொடர்பு, மருந்து என்று எதை எடுத்தாலும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட கட்டு.

மேல்முறையீட்டு நீதிபதியின் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. அவர் சாட்சியைப் பார்ப்பதே இல்லை. கூண்டில் நின்றவர் தடுமாறினாரா, வியர்த்தாரா, அழுதாரா என்று அவருக்குத் தெரியாது. காகிதம் மட்டுமே கைக்கு வரும். 'சாட்சியை நேரில் கண்ட விசாரணை நீதிபதியின் முடிவில் நாங்கள் எளிதில் தலையிட மாட்டோம்' என்று நம் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளிலும் படித்திருப்பீர்கள். உலகமெங்கும் அந்த மரியாதை இருக்கிறது. அந்த மரியாதை எவ்வளவு தூரம் செல்லலாம் என்ற கேள்வி வால்டின் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வருகிறது. இன்று நான் பேச வந்தது அதைத்தான்.

அவர் பிறந்தது 1928இல், கனெக்டிகட் மாநிலத்து டாரிங்டன் என்னும் ஆலை ஊரில். இரண்டு வயதில் அப்பா விட்டுப் போய்விட்டார். அம்மாவும் அம்மாவின் உறவினர்களும் வளர்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர்கள். கோடை விடுமுறைகளில் அவரும் ஆலையில் வேலை பார்த்தார். தொழிற்சங்கம் என்றால் என்ன என்பதைச் சட்டப் புத்தகத்துக்கு முன்பே தெரிந்துகொண்டார். யேல் சட்டக் கல்லூரிக்குப் போக உதவியது பெப்சி கோலா நிறுவனம் கொடுத்த உதவித்தொகை. குளிர்பானக்காரர்கள் செய்த நல்ல காரியங்களின் பட்டியல் சிறியது. அதில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். 1951இல் படிப்பை முடித்தபோது அவருடைய வகுப்பில் பெண்கள் பதினொரு பேர்.

முடித்தவுடன் ஜெரோம் ஃபிராங்க் என்ற மேல்முறையீட்டு நீதிபதியிடம் ஓராண்டு சட்ட உதவியாளராகச் சேர்ந்தார். இந்த ஃபிராங்கைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சட்டத்தின் உறுதியைப் பற்றி அறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், 'சட்டம் இருக்கட்டும், முதலில் நடந்தது என்ன என்பதை நீதிமன்றத்தால் கண்டுபிடிக்க முடிகிறதா?' என்று கேட்டவர் அவர். நிகழ்ச்சி நீதிமன்றத்துக்குள் நடந்து வருவதில்லை. ஒருவர் பார்க்கிறார், நினைவில் வைக்கிறார், மாதங்கள் கழித்துச் சொல்கிறார், அதை இன்னொருவர் கேட்டு நம்புகிறார். ஒவ்வொரு கட்டத்திலும் சறுக்கல் உண்டு. மேல்முறையீட்டுத் தீர்ப்புகளை மட்டும் படித்து வளரும் சட்ட மாணவர்கள் இந்தச் சறுக்கலைப் பார்ப்பதே இல்லை என்று அவர் குறைப்பட்டார். தானே மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்துகொண்டு இதைச் சொன்னதுதான் அவருடைய அழகு.

வால்ட் அவரிடம் இருந்த அந்த ஓராண்டில்தான் ரோசன்பர்க் தம்பதியின் மேல்முறையீடு வந்தது. சோவியத்துக்கு அணு ரகசியம் கடத்தியதாக மரண தண்டனை பெற்றவர்கள். வழக்கின் முதுகெலும்பு, மனைவியின் உடன்பிறந்த தம்பி சொன்ன சாட்சியம். 1952 பிப்ரவரியில் தீர்ப்பை உறுதிசெய்து எழுதியவர் ஃபிராங்க்தான். சாட்சியங்களைச் சந்தேகிக்கும்படி உலகுக்கே சொன்னவர், கூட்டாளியின் சாட்சியத்தை நம்புவதா என்பது ஜூரியின் பொறுப்பு என்று விட்டுவிட்டார். அவர் கோழை என்று நான் சொல்லவில்லை. அன்றைய சட்டம் அவருக்கு அவ்வளவு இடம்தான் கொடுத்தது. 1953 ஜூனில் இருவருக்கும் தண்டனை நிறைவேறியது. கட்டுகளைச் சுமந்த 23 வயதுப் பெண்ணுக்குள் அது என்ன செய்திருக்கும் என்று ஊகித்துப் பேசும் உரிமை எனக்கில்லை. அடுத்த அறுபது ஆண்டுகளில் அவர் எழுதியதைப் பார்க்கும் உரிமை உண்டு.

அதற்கு முன் ஓர் இடைவெளி. வாஷிங்டனில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் சிறிது காலம் வேலை பார்த்தார், திருமணம் செய்துகொண்டார், முதல் குழந்தை பிறக்குமுன் வேலையை விட்டார். குழந்தைகள் ஐந்து. ஏறத்தாழ பத்தாண்டுகள் முழுநேர வேலை இல்லை. இங்கே அமர்ந்திருக்கும் மாணவியர் இதைக் கவனியுங்கள்: பத்தாண்டு வீட்டிலிருந்துவிட்டுத் திரும்பியவர்தான் பிறகு அந்தச் சுற்று நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியும் முதல் பெண் தலைமை நீதிபதியும் ஆனார்.

திரும்பி வந்து எடுத்த முதல் பெரிய வேலை ஜாமீன். டேனியல் ஃபிரீட் என்பவருடன் சேர்ந்து 1964இல் அமெரிக்க ஜாமீன் முறை பற்றி ஒரு நூல் எழுதினார். குற்றம் நிரூபணமாகாத ஏழைகள் பணம் கட்ட முடியாததாலேயே சிறையில் கிடக்கிறார்கள் என்பதை எடுத்துவைத்த நூல். அதே ஆண்டு வாஷிங்டனில் கூடிய தேசிய ஜாமீன் மாநாட்டுக்கு அதுவே அடிப்படை. 1966இல் ஜாமீன் சீர்திருத்தச் சட்டம் வந்தது. பிறகு ஏழைகளுக்கான சட்ட உதவி, மனநல உரிமை வழக்குகள். ஊனமுற்ற பிள்ளைகளைப் பள்ளிகள் வெளியே தள்ளியதை எதிர்த்த 1972ஆம் ஆண்டின் மில்ஸ் வழக்கில் வழக்கறிஞர்களில் ஒருவராக இருந்தார். அந்தத் தீர்ப்பும் அதுபோன்ற தீர்ப்புகளும்தான் 1975இல் அப்பிள்ளைகளுக்கான கல்வி உரிமைச் சட்டத்துக்கு வழி போட்டன.

1979இல் அதிபர் கார்ட்டர் அவரை நீதிபதியாக நியமிக்க முன்மொழிந்தார். பிள்ளைகளுக்கும் சட்ட உரிமை உண்டு என்று அவர் எழுதியிருந்ததைக் காட்டி, எதிர்ப்பாளர்கள் அவரைக் குடும்பத்தின் எதிரி என்றார்கள். ஒரு மதப் பிரசாரகர் செனட் குழு முன்னால் வந்து அவரைச் சாத்தானின் கருவி என்றே சொன்னார். நிருபர் ஒருவர் வால்டின் மகனிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, அம்மா ஆட்டிறைச்சியைக் கருக்கிவிடுவார், மற்றபடி ஒன்றும் குறையில்லை என்று பையன் பதில் சொன்னதாக வால்ட் பின்னாளில் சொல்லிச் சிரித்ததுண்டு. எந்த செனட்டரின் உரையும் இதைவிடச் சுருக்கமாக விஷயத்தை முடிக்கவில்லை.

அவர் அமர்ந்த இருபதாண்டில் அந்த நீதிமன்றம் ஒரு வினோதமான சபை. ஒரே தாழ்வாரத்தில் ஸ்காலியாவும் போர்க்கும் ரூத் கின்ஸ்பர்க்கும் இருந்திருக்கிறார்கள். கொஞ்ச காலம் கிளாரன்ஸ் தாமஸும். வால்ட் எழுதிய தீர்ப்புகள் எண்ணூறுக்கு மேல். அவற்றில் சிலவற்றை மட்டும் தொடுகிறேன்.

1981இல் நிலக்கரி மின்நிலையப் புகை விதிகள் பற்றிய சியரா கிளப் வழக்கு. அச்சில் நூறு பக்கத்தைத் தாண்டும் தீர்ப்பு. விதி இறுதியாகும் நேரத்தில் வெள்ளை மாளிகையும் நிலக்கரி மாநில செனட்டர் ஒருவரும் அதிகாரிகளைச் சந்தித்தார்கள் என்பது புகார். சந்திக்கவே கூடாது என்று வால்ட் சொல்லவில்லை. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பேசத்தான் செய்வார்கள். ஆனால் விதி நிற்பதும் விழுவதும் கட்டில் இருக்கும் ஆதாரத்தை வைத்துத்தான் என்றார்.

1986இல் தூதரகங்களிலிருந்து 500 அடிக்குள் அந்த நாட்டைக் கண்டிக்கும் பலகைகளைத் தூக்கக்கூடாது என்ற பழைய சட்டம் விசாரணைக்கு வந்தது. எதிர்த்து வந்தவர்கள் சோவியத் தூதரகத்துக்கு முன் நிற்க விரும்பிய வலதுசாரிகள். வலதுசாரி என்று பெயரெடுத்த போர்க் சட்டத்தைக் காப்பாற்றினார். தாராளவாதி என்று பெயரெடுத்த வால்ட் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இரண்டாண்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பலகைத் தடையை ரத்து செய்தது. யார் வந்து கேட்கிறார்கள் என்று பார்க்காத நீதிபதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

என் மனத்துக்கு அதிகம் நெருங்கியது ஸ்டெஃபன் வழக்கு. கடற்படைக் கல்லூரியில் முன்னணி மாணவராக இருந்த இளைஞர், 1987இல் பட்டம் பெறச் சில வாரங்களே இருந்தபோது, தான் ஓரினச் சேர்க்கையாளன் என்று ஒப்புக்கொண்டார். வெளியேற்றப்பட்டார். அவர் எதையும் செய்ததாக ஆதாரமில்லை. சொன்னார், அவ்வளவுதான். அப்படிச் சொன்னவர் அப்படி நடப்பார் என்று அரசு அனுமானித்துக்கொண்டது. 1993இல் வால்ட் உள்ளிட்ட மூவர் அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1994இல் முழு அமர்வு அதைப் புரட்டிப் போட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் லாரன்ஸ் சில்பர்மன். வால்ட் மாறுபட்டு எழுதினார். சில்பர்மன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

1997இல் அதிபரின் ஆலோசகர்கள் எழுதும் காகிதங்களுக்கு எவ்வளவு ரகசியப் பாதுகாப்பு என்று வால்ட் எழுதிய தீர்ப்பை வாஷிங்டனில் இன்றும் இரு தரப்பும் மேற்கோள் காட்டுகின்றன. அதிபருக்கான பாதுகாப்பை ஏற்றார். ஆனால் ஆதாரம் முக்கியமானது, வேறெங்கும் கிடைக்காது என்று காட்டினால் குற்ற விசாரணைக்கு அது திறக்கும் என்றார். நடுவில், கிளிண்டன் ஆட்சி அமைந்த நேரத்தில், அட்டர்னி ஜெனரல் பதவி தேடி வந்ததும் அவர் வேண்டாமென்றதும் செய்தியானது. அதை அதிகம் பேச வேண்டியதில்லை.

இனி ஹேக்.

இருபது ஆண்டு காகிதம் படித்தவர் முதல்முறையாகச் சாட்சிகளின் முகங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். ஜூரி கிடையாது, நடந்தது என்ன என்பதை மூன்று நீதிபதிகளே முடிவு செய்ய வேண்டும். ஒருவர் போர்ச்சுகல், ஒருவர் எகிப்து, ஒருவர் இவர். கேள்வி ஒரு மொழியில், பதில் இன்னொரு மொழியில், காதில் மொழிபெயர்ப்பாளரின் குரல். சாட்சியின் நடுக்கம் ஒரு நொடியில், அதன் சொல் அடுத்த நொடியில். ஃபிராங்க் உயிரோடு இருந்திருந்தால் இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பார்.

2000 மார்ச்சில் தொடங்கியது ஜெனரல் ராடிஸ்லாவ் கிர்ஸ்டிச்சின் வழக்கு. 1995 ஜூலை 11இல், ஐ.நா. பாதுகாப்பு வலயமாக அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சா ஊர் போஸ்னிய செர்பியப் படையிடம் விழுந்தது. பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றினார்கள். ஏழாயிரம் முதல் எட்டாயிரம் வரையிலான ஆண்களும் சிறுவர்களும் சில நாட்களில் கொல்லப்பட்டார்கள். கொலைக்களத்தில் பிணங்களுக்கு நடுவே பிணமாகக் கிடந்து தப்பிய சிலர் வந்து சாட்சி சொன்னார்கள். அவற்றைக் கேட்ட எவருக்கும் அதுவே போதுமென்று தோன்றியிருக்கும். நீதிமன்றம் அதோடு நிற்கவில்லை. வானிலிருந்து எடுத்த படங்களில் புதிதாகப் புரட்டிய மண். தோண்டியெடுத்த எலும்புகளோடு கண்கட்டுத் துணிகள், கைகளைக் கட்டிய கம்பிகள். தடயத்தை மறைக்க இயந்திரம் வைத்து உடல்களை வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். முதல் குழியின் மண்ணும் தோட்டா உறைகளும் இரண்டாம் குழியோடு பொருந்தின. போஸ்னிய ராணுவத்தினர் ஒட்டுக்கேட்டு நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதிவைத்த வானொலி உரையாடல்கள் இருந்தன. அவற்றில் ஒன்றில், இன்னும் 3,500 'பொட்டலங்களை' விநியோகிக்க வேண்டியிருக்கிறது என்று ஓர் அதிகாரி கிர்ஸ்டிச்சிடம் சொல்கிறார். எந்தப் பொட்டலங்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டக் கேள்வி இதைவிடக் கடினம். ஒரே ஊர், அதிலும் ஆண்கள் மட்டும். இது இனப்படுகொலை ஆகுமா? 2001 ஆகஸ்ட் 2இல் நீதிமன்றம் ஆகும் என்றது. ஆண்களைக் கொன்று மற்றவர்களைத் துரத்திவிட்டால் அந்தச் சமூகம் அந்த மண்ணில் மீண்டும் முளைக்காது என்பது கொன்றவர்களுக்குத் தெரியும் என்று காரணம் காட்டியது. இனப்படுகொலைக்காக ஒருவரைச் சர்வதேசத் தீர்ப்பாயம் முதன்முதலில் தண்டித்தது இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, ருவாண்டாவின் அகாயேசு வழக்கில். அந்த அமர்வில் இருந்த ஒரே பெண், டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளியினரான நவநீதம் பிள்ளை. ஹேக் நீதிபதிகள் அந்தத் தீர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள். கிர்ஸ்டிச்சுக்கு 46 ஆண்டுகள் சிறை. 2004இல் மேல்முறையீட்டு அமர்வு, இனப்படுகொலை நடந்தது உண்மை, ஆனால் இவர் அதற்கு உடந்தை மட்டுமே என்று 35 ஆண்டுகளாகக் குறைத்தது. மேல்முறையீட்டில் தன் தீர்ப்பு திருத்தப்படும் அனுபவமும் வால்டுக்குக் கிடைத்தது.

கிர்ஸ்டிச்சின் 2001 தீர்ப்புக்குப் பன்னிரண்டே வாரத்தில் அவர் இன்னொரு இருக்கையிலிருந்து தீர்ப்பளித்தார். குப்ரெஷ்கிச் குடும்பத்தைச் சேர்ந்த மூவரின் மேல்முறையீடு; அமர்வின் தலைவர் வால்ட். 1993 ஏப்ரலில் அஹ்மிச்சி என்ற முஸ்லிம் கிராமத்தில் விடியற்காலையில் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சம்பவம். அதைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகம், தண்டிக்கப்பட்ட இவர்கள் அங்கே இருந்தார்களா என்பதில். இரண்டு பேருக்கு எதிரான தண்டனை ஏறக்குறைய முழுக்க ஒரே ஒருவரின் சாட்சியத்தில் நின்றது. சம்பவத்தின்போது அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. அரையிருட்டு, முகத்தில் சாயம் பூசிய சிப்பாய்கள், கண்ணெதிரே கொலை. அவர்தான் அடையாளம் காட்டினார். உறுதியாக, தடுமாறாமல் காட்டினார். விசாரணை நீதிபதிகள் அந்த உறுதியில் மனம் கரைந்துபோனார்கள்.

அந்தப் பெண் பொய் சொன்னதாக வால்டின் அமர்வு சொல்லவில்லை. உறுதியாகச் சொல்வது வேறு, சரியாகச் சொல்வது வேறு என்றது. வெளிச்சம் எவ்வளவு, எத்தனை நேரம் பார்த்தார், முகம் எவ்வளவு மறைந்திருந்தது, முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. 2001 அக்டோபர் 23இல் மூன்று பேரையும் விடுவித்தது. முதலிரண்டு தண்டனைகளும் அந்தச் சாட்சியத்தோடு விழுந்தன. மூன்றாமவருக்கு எதிரான ஆதாரமும் போதவில்லை.

எனக்கு இந்தத் தீர்ப்பு வால்டின் வாழ்க்கையிலேயே உயர்ந்ததாகப் படுகிறது. கிர்ஸ்டிச் தீர்ப்பை எழுதத் துணிவு வேண்டியிருந்தது; ஆனால் உலகம் கைதட்டக் காத்திருந்தது. இதற்குக் கைதட்ட யாருமில்லை. அந்தக் கொடுமையை அனுபவித்த ஒரு சிறுமியின் சொல்லை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று எழுதுவதற்கு மனம் எளிதில் இடம் கொடாது. கேட்பவர்களில் சிலர், குறிப்பாகப் பாதிக்கப்பட்டோருக்காக வழக்காடுபவர்கள், இதில் என்னோடு உடன்படமாட்டீர்கள். மானுடக் கொடுமைகளில் பெரும்பாலும் ஒரே ஒரு சாட்சிதான் மிஞ்சுகிறார், அவரையும் நம்பாவிட்டால் எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் சாட்சியச் சட்டமும் ஒரு சாட்சியே போதும் என்றுதான் சொல்கிறது. குப்ரெஷ்கிச் தீர்ப்பும் அதை மறுக்கவில்லை. அந்த ஒருவர் பார்த்த சூழ்நிலையைச் சோதிக்காமல் அவர் நின்ற தோரணையை மட்டும் நம்பக்கூடாது என்கிறது. அதே சமயத்தில், வழக்குகளை வேகப்படுத்த நேரடிச் சாட்சியத்துக்குப் பதில் எழுத்து வாக்குமூலங்களை ஏற்கும் போக்கு ஹேக்கில் வளர்ந்தபோது, அதன் ஆபத்துகளைக் கட்டுரையாக எழுதி எச்சரித்தவரும் அவர்தான். சாட்சி நேரில் வர வேண்டும். வந்தபின் அவர் முகத்தில் மயங்கவும் கூடாது.

2001 இறுதியில் ஹேக்கிலிருந்து திரும்பினார். 2004இல், ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக உளவுத்துறை எப்படித் தவறாகச் சொன்னது என்று விசாரிக்க அதிபர் புஷ் ஓர் ஆணையம் அமைத்தார். இணைத் தலைவர்களில் ஒருவர் சில்பர்மன். உறுப்பினர்களில் ஒருவர் வால்ட். ஸ்டெஃபன் வழக்கில் எதிரெதிராக எழுதியவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அவர்கள் கண்டது என்ன? நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்கள் பற்றிய கதையின் பெரும்பகுதி 'கர்வ்பால்' என்ற மறைபெயர் கொண்ட ஒரே ஒரு ஈராக்கியரின் வாய்மொழி. அவரை வைத்திருந்தது ஜெர்மனி. போருக்கு முன் அமெரிக்கர்கள் அவரை முறையாக விசாரிக்கவே இல்லை. ஐ.நா. சபையில் 2003 பிப்ரவரியில் உலகத்துக்கே படம் போட்டுக் காட்டப்பட்டது அந்தக் கதைதான். அஹ்மிச்சி வழக்கில் கேட்ட வெளிச்சக் கணக்கை யாரும் இங்கே கேட்கவில்லை.

கடைசிப் பணி, தனியுரிமைக்கும் குடிமை உரிமைகளுக்குமான கண்காணிப்பு வாரியம். ஐந்து பேர் கொண்டது, 2012இல் சேர்ந்தார். ஸ்னோடன் வெளியிட்ட தகவல்களுக்குப் பிறகு, அமெரிக்கர்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களை மொத்தமாகச் சேகரிக்கும் திட்டத்தை வாரியம் ஆராய்ந்தது. 2014 ஜனவரி அறிக்கையில், வால்ட் உள்ளிட்ட மூவர் பெரும்பான்மை, திட்டத்துக்குச் சட்ட அடிப்படை இல்லை, நிறுத்த வேண்டும் என்றது. அது மட்டுமல்ல, ரகசிய ஆவணங்களைப் பார்த்தபின், ஒரு பயங்கரவாத விசாரணையின் முடிவையாவது இத்திட்டம் மாற்றியதற்கு ஒரு சம்பவம்கூடக் கிடைக்கவில்லை என்றும் எழுதியது. திட்டத்தைக் காப்பாற்ற நின்றவர்கள் உறுதியாகத்தான் பேசினார்கள். 2015இல் நாடாளுமன்றம் மொத்தச் சேகரிப்பை முடிவுக்குக் கொண்டுவந்தது. அப்போது வால்டுக்கு வயது 86.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்துவிட்டு அமர்கிறேன். ஹேக் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிர்ஸ்டிச்சின் தீர்ப்பை எல்லாரும் முதலில் படிப்பார்கள். நீங்கள் குப்ரெஷ்கிச் மேல்முறையீட்டில் அடையாளம் காட்டுதல் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். படித்தபின் நம் நீதிமன்றங்களின் அடையாள அணிவகுப்பு பற்றிய தீர்ப்பு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். கேள்விகளுக்குக் கால் மணி நேரம் இருப்பதாகத் தலைவர் சைகை காட்டுகிறார். கேளுங்கள்.